இல்லத் தோட்டத்தில் முலாம்பழம்

கோட்டைப் புகையிரத நிலையத்தைவிட்டு வெளியேறிப் புறக்கோட்டைக்குள் நுழைபவரை முதலில் வரவேற்பன நடைபாதைப் பழக்கடைகளே. வத்தகப்பழமும் அன்னாசியும் பப்பாசியும் குவிந்து கிடக்கும் அக்கடைகளிலே, வலைபின்னினாற்போன்ற தோலும் மயக்கும் நறுமணமும் உடைய முலாம்பழமும் இப்பொழுது இடம்பிடித்திருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு நகர்பவர் பலர். வாங்கிச் சென்று வெட்டிப் பார்த்து, “இதிலே இனிப்பே இல்லையே!” என்று சலித்துக்கொள்பவரும் பலர். அப்பழத்தை நம் வீட்டு வளவிலே விளைவிக்கலாமே என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலர்.

கொழும்பிலே முலாம்பழமா என்று வாசகர்கள் வியக்கலாம். வியப்பு நியாயமானதே. இது வறண்ட நிலத்துக்குரிய கொடி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கோ மழையும் ஈரக்காற்றும் நிழலும் மிகுதி. நிலம் மிகக் குறைவு. எனினும் இக்கொடியின் இயல்பை அறிந்து, காலமறிந்து விதைப்போருக்கு ஒரு கொடிக்கு ஒன்றோ இரண்டோ பழம் கிடைப்பது உறுதி. அவ்வியல்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் பல, இனம் ஒன்று

நம்மவர் வெள்ளரிப்பழம் என்பதும், தமிழகத்தார் முலாம்பழம் என்றும் கிர்ணிப்பழம் என்றும் சொல்வதும், கொழும்புக் கடைகளிலே ‘ரொக் மெலன்’ என்று விற்கப்படுவதும் ஒரே இனத்தின் வகைகளே. தாவரவியலார் இவ்வினத்தைக் ‘குக்குமிஸ் மெலோ’ என்பர். சிங்கள மக்கள் கறி சமைக்கும் கெகிரியும் இதே இனத்தைச் சேர்ந்ததே. வத்தகப்பழமோ தூரத்து உறவு. அது வேறு பேரினத்தைச் சார்ந்தது.

சலாதுக்கு நறுக்கும் வெள்ளரிக்காய் முலாம்பழத்துக்கு நெருங்கிய உறவாயினும் அதுவும் வேறோர் இனமே. வெள்ளரிக்காயின் கலங்களில் 14 நிறமூர்த்தங்கள் உள்ளன. முலாம்பழத்தின் கலங்களில் 24 உள்ளன. ஆகவே இவ்விரண்டும் தம்முட் கலப்பதில்லை. “வெள்ளரிக்காய்க் கொடியின் பக்கத்தில் நட்டால் முலாம்பழம் இனிப்பை இழந்துவிடும்” என்று பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. பக்கத்தில் நிற்பது கெகிரியாயின் கலப்பு நேரலாம். ஆனால் அந்நிலையிலும் மாறுவது அடுத்த தலைமுறைக்குரிய விதையேயன்றி, இப்போது நாம் உண்ணும் பழத்தின் சுவையன்று. மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்வார்களாக.

இவ்வினத்தின் பிறப்பிடம் பற்றிய ஆராய்ச்சி அண்மையிலே தெளிவு பெற்றது. 1,175 வகை விதைகளின் மரபணுக்களை ஒப்புநோக்கி 2019ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, மனிதன் இக்கொடியை ஆபிரிக்காவில் ஒரு முறையும் இந்தியாவில் இரு முறையும் தனித்தனியே பயிராக்கியிருக்கிறான் என்று காட்டிற்று. ஆகவே மேல்நாட்டுப் பழம் என்று நாம் கருதுவதன் மூதாதையருள் ஒரு பகுதியினர் நம் அயல்நாட்டவரே.

பாபர் கண்ணீர் விட்ட பழம்

இப்பழத்துக்குப் பெருமை சேர்த்தவர்கள் மத்திய ஆசிய மக்கள். பயணி இபின் பதூதா, குவாரிசம் நாட்டு முலாம்பழத்துக்கு நிகர் கிழக்கிலும் மேற்கிலும் அரிது என்று எழுதினார். அதனைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் உலர்த்தி, கூடைகளில் அடைத்து, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினார்கள் என்றும் குறித்தார். இதே பயணி 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, புத்தளத்திலே ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, கொழும்பையும் பார்த்துச் சென்றவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

மொகலாயப் பேரரசை நிறுவிய பாபர், இந்தியாவிலே நல்ல முலாம்பழமும் திராட்சையும் இல்லையென்று தம் நினைவுக் குறிப்புகளிலே குறைப்பட்டுக்கொண்டார். காபூலிலிருந்து வந்த ஒரு பழத்தை அரிந்தபொழுது தாய்நாட்டு நினைவு மேலிட்டுக் கண்ணீர் விட்டதாகவும் எழுதியுள்ளார். ஆனால் அவர் அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. அப்பயிரிலே பழகிய ஒருவரை அமர்த்தி ஆக்ராவில் அமைத்த தம் தோட்டத்திலே விதைப்பித்தார். விளைந்தது கண்டு மகிழ்ந்தார். அந்நிய மண்ணிலும் இக்கொடியை வளர்க்கலாம் என்பதற்கு இது பழைய சான்று.

இக்காலத்திலே இப்பழத்தைப் பெரிதும் போற்றுவோர் யப்பானியர். அந்நாட்டின் சிசுவோக்கா மாகாணத்திலே ஒரு கொடிக்கு ஒரு காயை மட்டும் நிறுத்தி, மற்றவற்றைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுவர். 2019ஆம் ஆண்டில் யுபாரி என்னும் ஊரின் இரண்டு பழங்கள் ஏலத்திலே 50 இலட்சம் யென்னுக்கு விலைபோயின. விலை வேடிக்கையானதே, ஆயினும் ஒரு கொடிக்கு ஒரு காய் என்னும் முறையிலே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

காலமறிந்து விதைத்தல்

கொழும்பின் மழையளவை நோக்கினால் இப்பயிருக்குரிய காலம் தானே புலப்படும். 1961 முதல் 1990 வரையிலான சராசரிக் கணக்கின்படி, கொழும்பிலே ஒக்டோபர் மாதத்தில் 350 மில்லிமீற்றருக்கும் நவம்பரில் 400 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கின்றது. மே மாத மழையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் ஜனவரியில் பெய்வது 60 மில்லிமீற்றருக்கும் குறைவு. பெப்ரவரியில் ஏறக்குறைய 70. ஆண்டு முழுவதிலும் நம் நகர் வறண்ட நிலத்தை ஓரளவு ஒத்திருப்பது இவ்விரு மாதங்களிலேதான்.

முலாம்பழம் விதைத்து 75 முதல் 90 நாள்களுக்குள் பழம் தரும். ஆகவே மார்கழி பிறக்கும்போது, அதாவது டிசம்பர் நடுவிலே விதைக்க வேண்டும். தைப்பொங்கல் கழிந்து சில நாள்களில் பூக்கத் தொடங்கும். மாசி முடியுமுன் பழம் கைக்கு வந்துவிடும். பங்குனி, சித்திரை மழை வருமுன் கொடியின் வேலை முடிந்திருக்கும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலே மழை சற்றுக் குறைவாயினும் காற்றும் தூறலும் தொல்லை தரும். முதன்முறை முயல்வோர் அப்பருவத்தைத் தவிர்ப்பது நன்று.

வடபுலத்து உழவர் இவ்விதியை நன்கறிந்தவர்கள். காலபோக நெல்லை அறுத்த பின், மாரி ஓய்ந்த வயல் மண்ணிலே எஞ்சிய ஈரத்தை நம்பி வெள்ளரியை விதைப்பர். கோடையிலே யாழ்ப்பாணத்து வீதியோரங்களில், வெடித்துச் சிதறாதபடி சருகாலும் ஓலையாலும் சுற்றி வைக்கப்பட்டிருக்கும் வெள்ளரிப்பழத்தைச் சர்க்கரை தூவி உண்டவர்கள் அதனை மறக்கமாட்டார்கள்.

மண்ணும் சாடியும்

நீர் தேங்கும் இடத்திலே இக்கொடி வாழாது. இத்தொடர்பிலே நம் நகரின் வரலாறே ஒரு செய்தி சொல்கிறது. ஆங்கிலேயர் இலங்கையில் தம் முதல் அரச தாவரத் தோட்டத்தை 1810ஆம் ஆண்டிலே கொம்பனித்தெருவில் அமைத்தார்கள். லண்டன் நகரத் தோட்டத்தின் பெயரையே அதற்கும் இட்டு ‘கியூ’ என்றார்கள். தாழ்ந்த நிலமாதலால் வெள்ளம் தொல்லை தந்தது. 1813இல் அதனைக் களுத்துறைக்கும், 1821இல் பேராதனைக்கும் மாற்றினார்கள். இன்று கொம்பனித்தெருவிலே எஞ்சியிருப்பது கியூ வீதி என்னும் பெயர் மட்டுமே. அரசாங்கத் தோட்டமே தண்ணீருக்கு அஞ்சி இடம் பெயர்ந்ததென்றால் நம் கொடிக்கு மேட்டுப்பாத்தி எவ்வளவு தேவையென்பதை உணரலாம்.

வளவு உடையவர்கள் முக்கால் அடி முதல் ஓரடி உயரத்துக்கு மண்ணை உயர்த்திப் பாத்தி அமைக்க வேண்டும். தொடர்மாடியில் வாழ்வோர்க்கு 20 லீற்றர் கொள்ளும் சாடி அல்லது வாளி போதும். கொடி ஒன்றுக்குச் சாடி ஒன்று. அதன் அடியிலே நான்கைந்து துளைகள் அவசியம். மேல்மண், நன்கு மக்கிய கூட்டெரு, தும்புத்தூள் என்னும் மூன்றையும் சமபங்காகக் கலந்து நிரப்பலாம். மழை மிகுந்த தென்மேற்குப் பகுதி மண் பெரும்பாலும் புளிப்புத் தன்மை உடையது. ஆதலால் விதைப்பதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன், சாடிக்கு ஒரு பிடி டொலமைற்றுத் தூளைக் கலந்து வைப்பது பயன் தரும்.

வெயிலை விலைக்கு வாங்க இயலாது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாயினும் நேர்வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமரத்தின் கீழும் இரு மதில்களின் இடுக்கிலும் வளரும் கொடி இலையை மட்டுமே தரும். நகர வீடுகளிலே மொட்டைமாடிதான் இதற்கு ஏற்ற இடம். அங்கே சாடிகளின் பாரத்தைச் சுவரோரமாகப் பரப்பி வைப்பது நன்று.

விதையை நேரடியாகவே சாடியில் ஊன்றலாம். இக்கொடியின் வேர் அசைக்கப்படுவதை விரும்பாது. நாற்றுப் பிடுங்கி நடுவது கூடாது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்த விதைகளில் இரண்டை அரை அங்குல ஆழத்தில் இட்டு, முளைத்தபின் வலியதை நிறுத்தி மற்றதை வெட்டிவிட வேண்டும். நம் வெப்பத்திலே நான்கைந்து நாள்களில் முளை வெளிவரும்.

கொடியை நடத்தும் முறை

நிலத்திலே படரவிட்டால் இலைகளில் ஈரம் தங்கும், நோய் பற்றும். நம் காற்றிலே கயிற்றில் ஏற்றுவதே ஏற்றது. ஆறடி உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அதிலிருந்து சாடிக்கு ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, முதன்மைத் தண்டை அதிலே மெல்லச் சுற்றிவர வேண்டும்.

கீழிருந்து ஏழாவது கணுவரை தோன்றும் பக்கக் கிளைகள் அனைத்தையும் கிள்ளிவிடுக. எட்டாவது கணு முதல் பன்னிரண்டாவது கணுவரை வரும் கிளைகளை விட்டுவைக்க வேண்டும். ஏனெனின் முலாம்பழத்தில் முதன்மைத் தண்டிலே தோன்றுவன பெரும்பாலும் ஆண்பூக்களே. காய்க்கும் பூக்கள் பக்கக் கிளைகளின் முதற் கணுவிலே தோன்றும். இதனை அறியாதவர்கள், “பூத்துக் குலுங்குகிறது, ஆனால் காய்க்கவில்லை” என்று வருந்துவார்கள். காய் பிடித்தபின் அக்கிளையை இரண்டு இலைகளோடு நிறுத்திவிடலாம். முதன்மைத் தண்டு 22 முதல் 25 இலைகள் விட்டதும் அதன் நுனியையும் கிள்ளிவிட வேண்டும்.

பூவும் தேனீயும்

காய்க்கும் பூவை இனங்காண்பது எளிது. இதழுக்குக் கீழே சிறு பிஞ்சு போன்ற சூலகம் இருக்கும். இனிப்பு வகைகள் பலவற்றிலே இப்பூ இருபாற் பூவாகும். அதிலேயே மகரந்தமும் உண்டு. ஆயினும் அம்மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றிலே பறவாது. சூல்முடிக்கு அதனைக் கொண்டு சேர்க்கத் தேனீ வேண்டும். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் தேனீ வருமென்று நம்பியிருக்க முடியாது. நாமே தேனீயாக வேண்டியதுதான்.

இதற்குரிய நேரம் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை. அன்று மலர்ந்த ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, அதன் கேசரங்களைக் காய்க்கும் பூவின் நடுவிலே மென்மையாகத் தடவ வேண்டும். ஒரு பூவின் ஆயுள் ஒரு நாளே. இன்று விட்டால் நாளை அது பயன்படாது. தடவிய தேதியை ஒரு சிறு அட்டையில் எழுதிக் காம்பிலே கட்டிவைக்கவேண்டும். பள்ளிக்குச் செல்லுமுன் இவ்வேலையைச் செய்யும் பிள்ளைக்கு, மகரந்தச் சேர்க்கை என்னும் பாடம் ஒருபோதும் மறவாது. புத்தகத்தில் உள்ள படத்தை மனனம் செய்வதிலும் இது மேலானது அன்றோ?

சேர்க்கை கூடினால் மூன்று நான்கு நாள்களிலே பிஞ்சு பருக்கத் தொடங்கும். கூடாவிடின் மஞ்சளாகி உதிரும். ஒரு கொடியிலே இரண்டு மூன்று பிஞ்சுகள் கோழிமுட்டை அளவுக்கு வந்தபின், உருவமும் பொலிவும் உடைய ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றிவிட வேண்டும். கொடி மிகவும் செழித்திருப்பின் இரண்டை விடலாம். பிஞ்சைக் கிள்ள மனம் வராது. ஆயினும் கிள்ளத்தான் வேண்டும். காரணத்தை அடுத்துக் கூறுகிறேன்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

வாழைக்காயைப் பறித்து வைத்தால் அது பழுத்து இனிக்கிறது. அதிலே சேமித்து வைக்கப்பட்ட மாப்பொருள் சர்க்கரையாக மாறுவதே அதற்குக் காரணம். முலாம்பழத்திலே அத்தகைய மாப்பொருட் சேமிப்பு இல்லை. அதன் சர்க்கரை முழுவதையும் இலைகள் ஒவ்வொரு நாளும் வெயிலில் ஆக்கி அனுப்புகின்றன. அதிலும் பெரும்பகுதி பழுப்பதற்கு முந்திய கடைசி இரண்டு கிழமைகளிலேதான் வந்து சேர்கிறது. காம்பு அறுந்த கணத்திலே வரவு நின்றுவிடுகிறது. பின்னர்ப் பழம் மென்மையாகலாம், மணம் பெறலாம். இனிப்பு மட்டும் கூடாது.

கடைப் பழம் பல வேளைகளில் சப்பென்றிருப்பதன் இரகசியம் இதுவே. தொலைதூரம் லொறியில் வரவேண்டிய பழத்தை முற்றப் பழுக்கவிட்டால் அது நசுங்கிவிடும். ஆதலால் முன்கூட்டியே பறிக்கின்றனர். வியாபாரியைக் குறைகூறிப் பயனில்லை. முற்றப் பழுத்த முலாம்பழத்தை உண்ண விரும்புபவர், அது விளையும் இடத்துக்குப் பக்கத்திலே வாழ வேண்டும். இல்லத் தோட்டத்தின் தனிச் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது.

நல்ல பழத்தின் சதை ஒரு கிலோகிராமில் 80 முதல் 100 கிராம் வரை சர்க்கரை இருக்கும். இத்தனையையும் இருபத்தைந்து இலைகள் உழைத்துத் தரவேண்டும். ஒரு காயாயின் அதற்கு முழுப்பங்கும் சேரும். நான்கு காயாயின் நான்கும் சப்பென்றிருக்கும். யப்பானியர் பிஞ்சைக் கிள்ளுவதன் கருத்து இப்பொழுது விளங்கும். நோயினாலே இலை கருகினால் பழம் இனிக்காததும் இதனாலேயே.

பசளையிலும் இதே நோக்கு வேண்டும். முதல் மாதத்தில் கூட்டெருவும் நீரில் கரைத்த மாட்டெருவும் இலை வளர்ச்சிக்கு உதவும். காய் பிடித்தபின் தழைச்சத்தைக் குறைத்து, சாம்பற்சத்தைக் கூட்ட வேண்டும்; அடுப்புச் சாம்பலைச் சிறிதளவு மண்ணிலே தூவிக் கிளறிவிடலாம். தண்ணீரை நாள்தோறும் காலையிலே வேரடியில் ஊற்றுக. இலையை நனைத்தல் ஆகாது. பழுப்பதற்கு ஒரு கிழமை முன்னரே, இலை வாடாத அளவுக்கு மட்டும் நீரைக் குறைத்துவிட வேண்டும். கடைசி நாள்களிலே மிகுதியாக ஊற்றினால் பழம் வெடிக்கும், சுவையும் நீர்த்துப்போகும்.

பகைவர் மூவர்

முதற் பகை சாம்பல் நோய். இலையின்மேல் வெண்மாவு தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றிப் பரவும். நோயுற்ற இலையை உடனே நீக்குவதும், கொடிகளிடையே இரண்டடி இடைவெளி விட்டுக் காற்றோட்டம் அமைப்பதும் முதல் மருந்து.

இந்நோய் 1925ஆம் ஆண்டிலே கலிபோர்ணியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு முலாம்பழத் தோட்டங்களைச் சூறையாடிற்று. அந்நாட்டு அறிஞர்கள் உலகெங்கும் எதிர்ப்புச் சக்தி தேடி, இறுதியில் அதனை இந்தியாவிலிருந்து பெற்ற ஒரு விதையிலே கண்டனர். அதனைத் தம் வகையோடு கலந்து 1936ஆம் ஆண்டிலே ‘பி.எம்.ஆர். 45’ என்னும் வகையை வெளியிட்டனர். ஓரிரண்டு ஆண்டுகளிலேயே நோய்க்கிருமியின் புதிய பிரிவொன்று தோன்றி அதனையும் தாக்கியது. மீண்டும் இந்திய விதைகளையே நாடினர். பெயரும் புகழும் இல்லாத நாட்டு வெள்ளரி, செல்வந்த நாட்டின் தோட்டத்தைக் காத்த வரலாறு இது.

இரண்டாம் பகை சிவப்பு வண்டு. இளங்கொடியின் இலையைச் சல்லடைக் கண்ணாகத் துளைத்துவிடும். காலை வேளையில், பனி உலருமுன் அது மந்தமாயிருக்கும். கையாற் பிடித்துச் சவர்க்கார நீரில் இடலாம். விதை முளைத்த முதல் மூன்று கிழமைக்கு ஒரு பழைய நுளம்புவலைத் துண்டால் மூடிவைப்பது இன்னும் எளிது.

மூன்றாம் பகையே கொடியது. அது பழ ஈ. பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிட, உள்ளே புழுக்கள் நெளியும். மருந்தடித்து இதனை வெல்வது கடினம். பழம் உண்ணும் பொருளாதலால் அது விரும்பத்தக்கதும் அன்று. பிஞ்சு எலுமிச்சங்காய் அளவு வந்தவுடனே துணிப்பையாலோ கடதாசிப் பையாலோ மூடிக் காம்பைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். புழுவுற்ற காயைக் குப்பையில் எறியாமல், கறுப்புப் பொலித்தீன் பையிலே இறுகக் கட்டி வெயிலில் வைத்தால் புழுக்கள் மாண்டுபோம். யப்பான் அரசு ஒக்கினாவாத் தீவுகளிலே மலட்டு ஈக்களைக் கோடி கோடியாகப் பறக்கவிட்டு, 1972 முதல் 1993 வரை போராடித்தான் இவ்வீயை முற்றாக ஒழித்தது. நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஒரு துணிப்பை போதும்.

நுளம்புக்கு இடங்கொடாதீர்

தோட்டம் போடுவோர் கொழும்பிலே இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயுற்றதாகப் பதிவாயிற்று. அந்நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீரே போதுமானது. ஆகவே சாடிகளின் கீழே தட்டு வைக்க வேண்டாம். கட்டாயம் வைப்பதாயின் மணலால் நிரப்பிவிடுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியை மூடி வையுங்கள். வெறுமையான சாடிகளைக் கவிழ்த்து வையுங்கள். கிழமைக்கு ஒரு நாள் வீட்டாரில் ஒருவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பழத்துக்காக நோயை வளர்த்தல் அறிவுடைமை அன்று.

பறிக்கும் பருவம்

பூத்த நாளைக் குறித்து வைத்தவர்க்கு இது எளிது. வகைக்கேற்ப 35 முதல் 45 நாள்களிலே காய் முற்றும். வலைத்தோல் வகைகளில், வலையின் கீழுள்ள பச்சை நிறம் மாறி மஞ்சள் படரும், காம்பைச் சூழ ஒரு மெல்லிய வெடிப்பு வளையமிடும், மணம் கமழும். அந்நிலையிலே பழத்தைக் கையில் ஏந்தினால், இழுக்காமலே காம்பை விட்டுக் கழன்றுவிடும். பழுத்த வெள்ளரி கொடியிலிருந்து தானே விடுபடுவதை, இறப்பினின்று விடுதலை வேண்டும் மிருத்யுஞ்சய மந்திரம் உவமையாகக் கொண்டிருப்பது அன்பர்கள் அறிந்ததே. பழத்தின் பருவத்தை இதனினும் நுட்பமாக உணர்த்துதல் அரிது. வழுவழுப்பான தோலுடைய சில வகைகள் மட்டும் தாமே கழல்வதில்லை. அவற்றை நாளெண்ணியும் நிறம் நோக்கியும் பறிக்க வேண்டும்.

கயிற்றிலே தொங்கும் காய் அரைக் கிலோகிராமை எட்டியதும் ஒரு வலைப்பையால் அல்லது பழந்துணியால் தாங்கிக் கட்டிவிட வேண்டும்; இல்லாவிடின் கழலும் நாளிலே நிலத்தில் விழுந்து சிதறும். அரிவதற்கு முன் தோலை ஓடும் நீரிலே நன்கு தேய்த்துக் கழுவுக. வலைத்தோலின் இடுக்கிலே கிருமிகள் தங்கக்கூடும். 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கிருமி தொற்றிய முலாம்பழத்தால் 33 பேர் உயிரிழந்தனர். அரிந்த பழத்தை அன்றே உண்பது நலம்.

சதையிலே பத்தில் ஒன்பது பங்கு நீர். செம்மஞ்சள் நிறச் சதையிலே உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோட்டினும், உயிர்ச்சத்து சீயும் நிறைய உண்டு. நீரிழிவு உடைய பெரியோர் அளவோடு உண்பார்களாக.

விதையும் பிள்ளைகளும்

2022ஆம் ஆண்டை நாம் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப்பொருள் விலையேற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 94.9 வீதம் ஆயிற்று. அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிப்பதென்று அவ்வாண்டு ஜூனில் அமைச்சரவை தீர்மானித்தது. அக்காலத்திலே பலர் மிளகாயும் கத்தரியும் கீரையும் நட்டனர். நெருக்கடி தணிந்ததும் சாடிகள் பல வெறுமையாயின. முலாம்பழம் வயிற்றை நிரப்பும் பயிர் அன்று. பஞ்சத்துக்கு அதனை நம்பவும் இயலாது. கீரையும் மிளகாயும் முதலில் வேண்டும். ஆனால் தோட்டம் நிலைபெறுவதற்குக் கடமை மட்டும் போதாது; ஆசையும் வேண்டும். காலையிலே பிள்ளைகள் தாமாக எழுந்து மொட்டைமாடிக்கு ஓடுவது கீரையைப் பார்க்க அன்று; நேற்றைக்கு இன்று காய் எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்க்கவே. அவ்வாறு ஓடும் பிள்ளையே பக்கத்திலிருக்கும் கீரைக்கும் தண்ணீர் ஊற்றும்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புறக்கோட்டை விதைக்கடைகளிலே பளபளப்பான உறையில் விற்கப்படும் முலாம்பழ விதை பெரும்பாலும் முதற்கலப்பு விதை. அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை மறுபடியும் விதைத்தால் தாயை ஒத்த பழம் வராது. ஆண்டுதோறும் வாங்கவே வேண்டும். நம் ஊர் வெள்ளரிப்பழத்தின் விதையோ அவ்வாறன்று. நல்ல பழமொன்றின் விதையைக் கழுவி, நிழலிலே உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் இட்டுவைத்தால் அடுத்த ஆண்டும் அதே பழம் கிடைக்கும்.

இவ்விதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் நம் பாட்டனாரும் பாட்டிமாரும். போரினாலும் இடப்பெயர்வினாலும் ஊரைவிட்டு வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய குடும்பங்கள் பல, வீட்டுத் திறப்பையும் உறுதிப் பத்திரத்தையும் கொண்டுவந்தன. விதை முட்டியைக் கொண்டுவர இயலவில்லை. வளர்ப்பவர் இல்லாதபொழுது ஒரு விதை சில ஆண்டுகளிலே முளைப்புத் திறனை இழந்துவிடும். அதனோடு அவ்வகையும் மறைந்துபோம். கலிபோர்ணியாவின் தோட்டங்களைக் காத்தது போன்றதொரு குணம் நம் ஊர் வெள்ளரியிலே மறைந்திருக்கக் கூடாதா? அவ்விதை அழிந்தபின் அதனைத் தேடுவது எங்ஙனம்?

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு கோடையிலே யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ மட்டக்களப்புக்கோ செல்வோர், நல்ல வெள்ளரிப்பழம் ஒன்றைக் கண்டால் உண்டுவிட்டு விதையைக் கொண்டுவாருங்கள். உறையின்மேல் ஊரின் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். கடை விதையில் ஒரு சாடியும், ஊர் விதையில் ஒரு சாடியுமாக மார்கழிப் பிறப்பிலே ஊன்றுங்கள். ஊர் விதைக்குரிய சாடியைப் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். எது முந்திப் பூத்தது, எந்த இலையில் நோய் பற்றியது, எது கூடுதலாக இனித்தது என்று ஒரு பயிற்சிப் புத்தகத்திலே அவர்கள் குறித்து வரட்டும். மாசியிலே பழத்தை அரியும்பொழுது விதையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அதன்பின் எல்லோரும் பகிர்ந்து உண்ணுங்கள்.